ஃபைல் திறக்க சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் சேர்க்கலாமா? (4.19 கர்னல், ஆர்ம்64 போர்டு)

எடைமேடை | கிருஷ்ணகிரி

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் சீசனுக்காக மண்டிகளில் எடைமேடைப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று செய்து தருகிறேன். உள்ளே ஒரு ஆர்ம்64 போர்டு, லினக்ஸ். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு ஃபோல்டர். எடைச் சீட்டு, லோடு போட்டோ எல்லாவற்றையும் அதில் போடுவார்கள். ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள கணக்கில்) ஓடும் என் புரோகிராம் அவற்றை எடுத்துக் கணக்கு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

போன வாரம் நண்பன் ஒருவன் சோதித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தான். சாதாரணக் கணக்கில் நுழைந்து, எடைச் சீட்டுப் பெயரில் ஷேடோ ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டிக்காட்டும் பெயர்) போட்டான். என் புரோகிராம் சமர்த்தாக அதைத் திறந்து, பாஸ்வேர்டு ஹேஷ்களைச் சீட்டு என்று நினைத்து அனுப்பிவிட்டது. சரி, முதலில் எல்ஸ்டாட் போட்டுப் பார்ப்போம், சிம்லிங்க் இல்லை என்றால் மட்டும் திறப்போம் என்று மாற்றினேன். அவன் நிஜ ஃபைலையும் சிம்லிங்க்கையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு லூப்பை ஓடவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் ஹேஷ் மறுபடியும் வெளியே.

மண்டிக்கு வந்துபோகிறவர்களுக்கு இது தெரிந்த விளையாட்டுதான். கிரேட்டிலிருந்து ஒரு காயை அறுத்துப் பார்த்து விலை பேசிவிட்டு, சீட்டு எழுதத் திரும்புகிற நேரத்தில் கிரேட் மாறியிருக்கும். அறுத்துப் பார்ப்பதும் வண்டியில் ஏற்றுவதும் ஒரே கையில் நடந்தால்தான் தப்பிக்கலாம். அதனால் பார்ப்பதையும் திறப்பதையும் கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரே மூச்சில் செய்கிற ஒரு சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் வாசல்) எழுதலாம் என்று இருக்கிறேன். போர்டுக்காரர் கொடுத்த கர்னல் சோர்ஸ் கையில் இருக்கிறது. எந்த நம்பர் கொடுப்பது? எந்தெந்த இடத்தைத் தொட வேண்டும்?

கூடவே இன்னொரு ஆசை. சீட்டெல்லாம் குட்டிக் குட்டி ஃபைல். திற, படி, மூடு மூன்றையும் ஒரே காலில் முடிக்கிற மாதிரி இன்னொன்றும் சேர்த்துவிடலாமா?

---

நாலுரோடு | தருமபுரி

ஏன் ரூட்? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். வியாபாரிக்கு ஒரு யூசர் ஐடி கொடுத்து, ஃபோர்க் செய்து (புரோகிராமுக்கு ஒரு நகல் உண்டாக்கி), குழந்தை புராசஸில் அந்த ஐடிக்கு இறங்கி, அப்புறம் ஃபைலைத் திறந்தால் ஷேடோ ஃபைலைத் தொடவே கர்னல் விடாதே. சிம்லிங்க் எங்கே காட்டினால் என்ன.

இரண்டாவது, நீங்கள் கேட்கிற சிஸ்டம் கால் ஏற்கெனவே இருக்கிறது. ஓப்பன்அட்2. லினக்ஸ் 5.6ல், 2020 மார்ச்சில் வந்தது. அலெக்சா சாராய் எழுதியது, கன்டெய்னர்களுக்காக (ஒரே கர்னலில் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் புரோகிராம்கள்). ரிசால்வ்_பினீத் என்று ஒரு கொடி (ஃபிளாக்) கொடுத்தால், நீங்கள் கையில் வைத்திருக்கும் டைரக்டரிக்கு வெளியே போகிற எந்தப் பாதையையும் திறக்காது. நம்பர் 437. பெட்டிக்கு இன்னொரு கால் முளைக்க வைக்க வேண்டாம்.

---

எடைமேடை | கிருஷ்ணகிரி

ரூட் விஷயம் நியாயம். எல்லா வியாபாரிக்கும் ஒரே யூசர் ஐடி என்று முதல் வருஷம் சோம்பேறித்தனத்தில் வைத்தது, இப்போது இருபது மண்டியில் அப்படியே ஓடுகிறது.

437ஐக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஈநோசிஸ் (அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை என்ற எர்ரர்) வருகிறது. கர்னல் 4.19. புது கர்னல் கேட்டால் போர்டுக்காரர் புது போர்டு வாங்கச் சொல்கிறார். அதனால்தான் நானே எழுதப் பார்க்கிறேன். இன்னொரு வயிற்றெரிச்சல்: நண்பன் அந்த லூப்பில் பயன்படுத்தியது ரீநேம்அட்2, எக்ஸ்சேஞ்ச் கொடியோடு. இரண்டு பெயர்களையும் ஒரே அடியில் மாற்றும். அது 3.15லேயே, 2014ல் வந்துவிட்டது. புதுச் சிஸ்டம் கால் திருடனுக்குக் கிடைத்திருக்கிறது, காவல்காரனுக்கு இல்லை.

---

பாப்பாரப்பட்டி_பையன் | தருமபுரி

அண்ணா, நான் மூன்றாம் வருஷம். இந்த செமஸ்டர் எக்ஸ்வி6ல் (பாடத்துக்கான சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம்) சிஸ்டம் கால் சேர்க்கிற பிராஜெக்ட். சிம்லிங்க் சேர்த்தேன், ஓப்பனுக்கு ஓ_நோஃபாலோ (சிம்லிங்க் வழியே போகாதே) என்ற கொடியும் சேர்த்தேன். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. நம்பர் ஒரு ஃபைலில், அட்டவணையில் ஒரு வரி, சிஸ்ஃபைலில் ஃபங்ஷன், யூசர் பக்கம் அறிவிப்பு, அப்புறம் அந்த பெர்ல் ஸ்கிரிப்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

லினக்ஸில் மட்டும் ஏன் இத்தனை பாடு? ஓப்பனுக்கே 'வெளியே போகாதே' என்று ஒரு புதுக் கொடி சேர்த்தால் போதாதா? புது சிஸ்டம் கால் எதற்கு?

---

ராயக்கோட்டை_பழசு | கிருஷ்ணகிரி

தம்பி, நல்ல கேள்வி. பெங்களூரில் ஃபைல்சிஸ்டம் பக்கம் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓப்பனிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாத கொடியைக் கொடுத்தால் தப்பு என்று சொல்லாது, கண்டுகொள்ளாமல் திறந்துவிடும். ஓப்பனுக்கு ஓ_பினீத் என்று ஒரு கொடி சேர்த்துப் புது கர்னலில் விடுகிறாய் என்று வைத்துக்கொள். அதை நம்பி ஒருவர் புரோகிராம் எழுதுகிறார். அந்தப் புரோகிராம் இவருடைய 4.19 பெட்டிக்கு வருகிறது. பழைய கர்னல் அந்தக் கொடியைப் பார்க்காமலே ஷேடோ ஃபைலைத் திறந்து கொடுக்கும், எர்ரரும் வராது. பூட்டு போட்டோம் என்று நினைத்துக்கொண்டு தூங்குவார், கதவு திறந்து கிடக்கும். பூட்டே இல்லாததை விட இது மோசம்.

3.11ல் ஓ_டெம்ப்ஃபைல் சேர்த்தபோதும் இதே தலைவலி. பெயரில்லாத தற்காலிக ஃபைலை உண்டாக்கும் கொடி அது. அதற்குள் ஓ_டைரக்டரி பிட்டையும் சேர்த்து வைத்தார்கள், எழுதுகிற மாதிரிதான் திறக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பழைய கர்னல் புது பிட்டை விட்டுவிட்டாலும், 'டைரக்டரியை எழுதத் திறக்கிறாயா' என்று ஈஇஸ்டிர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஒவ்வொரு கொடிக்கும் இப்படி ஒரு வித்தை கிடைக்காது. பினீத்துக்குக் கிடைக்கவில்லை.

யோசனை ஒன்றும் புதிது இல்லை. ஃப்ரீபிஎஸ்டியின் கேப்சிகம் (புரோகிராமின் உரிமைகளைக் குறுக்கும் அமைப்பு) வழியாக வந்த எண்ணம் இது. 2014ல் டேவிட் டிரைஸ்டேல் லினக்ஸ் ஓப்பனுக்கே ஒரு கொடியாகக் கொண்டுவரப் பார்த்தார். 2017ல் ஆல் வைரோ வேறு பெயரில் ஒன்று முயன்றார். கடைசியில் 2020ல் தனி சிஸ்டம் காலாகத்தான் உள்ளே வந்தது.

ஓப்பன்அட்2வை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார். நாலே ஆர்க்யுமென்ட்: டைரக்டரி, பாதை, ஒரு ஸ்ட்ரக்ட், அந்த ஸ்ட்ரக்டின் சைஸ். ஸ்ட்ரக்டுக்குள் கொடிகள், மோட், ரிசால்வ் என்று மூன்று 64 பிட் எண், மொத்தம் 24 பைட். தெரியாத பிட் ஒன்று வந்தாலும் ஈஇன்வால், கொடுத்தது தப்பு என்ற எர்ரர். நாளைக்கு நாலாவது எண் சேர்க்க வேண்டும் என்றால் ஸ்ட்ரக்ட் நீளும். பழைய புரோகிராம் புது கர்னலுக்கு வந்தால் விடுபட்ட இடத்தைக் கர்னல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். புது புரோகிராம் பழைய கர்னலுக்கு வந்தால், நீண்ட பகுதி முழுக்கப் பூஜ்யம் என்றால் சரி என்று விடும், ஏதாவது இருந்தால் ஈ2பிக் என்று மறுக்கும். வீடு கட்டும்போதே மாடிக்கு என்று கம்பியை நீட்டி விடுகிறோமே, அது மாதிரி.

உன் எக்ஸ்வி6ஐ உன்னைத் தவிர யாரும் ஓட்டப் போவதில்லை. நாளைக்கே சிஸ்டம் காலின் பெயரை மாற்றலாம், தூக்கியே எறியலாம். லினக்ஸில் ஒருமுறை வெளியே விட்டால் அதை நம்பி எங்கோ ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு எடுக்க முடியாது. ஒரு சாயங்காலத்துக்கும் ஆறு வருஷத்துக்கும் வித்தியாசம் அதுதான்.

---

தொப்பூர்_மேடு | தருமபுரி

இவ்வளவு யோசிக்கிறவர்கள்தானே கிரியேட் இருக்க ஓப்பன், ஓப்பன் இருக்க ஓப்பன்அட், அது இருக்க ஓப்பன்அட்2 என்று அடுக்கினார்கள்? 2006ல் 2.6.16ல் 'அட்' குடும்பம் (ஒரு டைரக்டரியைத் தொடக்கமாக எடுக்கும் கால்கள்) மொத்தமாக வந்தது. அப்போதே ஃபக்சஸ்அட்டுக்கும் (அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது) எஃப்ச்மோட்அட்டுக்கும் (பர்மிஷனை மாற்றுவது) கொடிகளுக்கு என்று ஒரு ஆர்க்யுமென்ட் வைக்க மறந்துவிட்டார்கள். சி லைப்ரரியோ தன் பக்கத்தில் கொடிகள் இருப்பதாகக் காட்டி உள்ளே என்னென்னவோ ஒட்டுப் போட்டது. முதலாவது 5.8ல், 2020ல் ஃபக்சஸ்அட்2வாகத் திருந்தியது. இரண்டாவது 2023ல், 6.6ல். ஒரு ஆர்க்யுமென்ட் விட்டதற்குப் பதினேழு வருஷம்! இதில் தம்பிக்கு வகுப்பு வேறு.

---

ராயக்கோட்டை_பழசு | கிருஷ்ணகிரி

ஒத்துக்கொள்கிறேன், அதில் வக்காலத்து வாங்க ஒன்றும் இல்லை. அந்தத் தழும்பு இருப்பதால்தான் இன்று யார் புது சிஸ்டம் கால் கொண்டுவந்தாலும் 'கொடிகள் எங்கே' என்பது முதல் கேள்வியாக இருக்கிறது. கர்னல் சோர்ஸுக்குள்ளேயே சிஸ்டம் கால் சேர்ப்பது எப்படி என்று ஒரு ஆவணம் கிடக்கிறது. அதிலும் இது முக்கியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

---

ஓசூர்_கன்டெய்னர் | ஓசூர்

நம்பர் பற்றி யாரும் எடைமேடைக்குப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டிருக்கிறேன்.

ஆர்ம்64ல் பழைய ஓப்பன் என்ற சிஸ்டம் காலே கிடையாது, கவனித்தீர்களா? நீங்கள் சி-யில் ஓப்பன் எழுதினாலும் லைப்ரரி அதை ஓப்பன்அட் ஆக்கி 56ஆம் நம்பரைக் கூப்பிடும். எக்ஸ்86ல் ஓப்பன் 2, ஓப்பன்அட் 257. ஆளுக்கு ஒரு அட்டவணை என்று இருந்ததை 424க்கு மேல் ஏறக்குறைய எல்லா புராசஸருக்கும் ஒரே நம்பர் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் இப்போது காலியாக இருக்கிறதே என்று ஒரு நம்பரை எடுக்காதீர்கள். 2020ல் ஒருவர் 452 காலி என்று தன் சொந்தச் சரக்கை அதில் வைத்திருந்தால், இன்று அது எஃப்ச்மோட்அட்2. புது சி லைப்ரரி அந்தப் பெட்டிக்கு வந்து ஒரு ஃபைலின் பர்மிஷனை மாற்றப் போனால் உள்ளே வேறு எதுவோ ஓடும். எது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

கர்னலில் சேர்த்தால் மட்டும் போதாது என்பதும் இருக்கிறது. 2021ல் எங்கள் அலுவலகத்தில் கன்டெய்னருக்குள் அடிப்படை இமேஜை மட்டும் புதிதாக்கினோம். அடுத்த நிமிஷம் மேக் (புரோகிராமைக் கட்டும் கருவி) ஓடவில்லை, ஷெல்லைக் கூட 'அனுமதி இல்லை' என்கிறது. இரண்டு பேர் ராத்திரி பதினொன்று வரை பர்மிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பர்மிஷனில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் புது லைப்ரரி ஃபக்சஸ்அட்2வைக் கூப்பிடுகிறது. வெளியே காவலுக்கு நிற்கும் செக்கம்ப் வடிகட்டி (எந்த சிஸ்டம் காலை விடலாம் என்று பார்ப்பது) பழசு, அதற்கு இந்த நம்பர் தெரியாது, தெரியாததற்கெல்லாம் ஈபெர்ம் (அனுமதி இல்லை) சொல்லும்படி எழுதியிருந்தார்கள். ஈநோசிஸ் சொல்லியிருந்தால் லைப்ரரி 'சரி, இந்த கர்னலில் இது இல்லை' என்று பழைய வழிக்குப் போயிருக்கும். ஈபெர்ம் என்றதும் உண்மையாகவே அனுமதி இல்லை என்று நம்பிவிட்டது. இல்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் வித்தியாசம் தெரியாத வாட்ச்மேன்.

---

எடைமேடை | கிருஷ்ணகிரி

அப்படியென்றால் சொந்த நம்பர் வேண்டாம். ஓப்பன்அட்2வையே 437லேயே 4.19க்கு இறக்கினால்? நம்பரும் மோதாது, நாளைக்குப் புது போர்டு வந்தாலும் புரோகிராம் அப்படியே ஓடும்.

---

ராயக்கோட்டை_பழசு | கிருஷ்ணகிரி

செய்யலாம். ஆனால் சிஸ்டம் கால் ஃபங்ஷன் வெறும் வாசல்படி. வேலை முழுக்கப் பாதை நடக்கிற கோடில், நேமை என்ற ஃபைலில் இருக்கிறது. சிம்லிங்க்கில் தாவும்போது, இரட்டைப் புள்ளியில் மேலே ஏறும்போது, மவுன்ட்டைத் தாண்டும்போது என்று எல்லா இடத்திலும் கை வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரக்டைப் பூஜ்யம் பார்த்துக் காப்பி செய்கிற உதவி ஃபங்ஷனே 5.4ல்தான் வந்தது, அதையும் கொண்டுவர வேண்டும். கர்னலிலேயே நுணுக்கமான கோடுகளில் அது ஒன்று, எல்லா ஓப்பனும் அந்த வழியாகத்தான் போகிறது. அதில் ஒரு தப்பு என்றால் இருபது மண்டியும் சீசன் நடுவில் நிற்கும்.

இன்னொன்று, 4.19க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டன. ஓட்டை ஜன்னலுக்குத் தேக்குக் கதவு மாட்டாதீர்கள்.

---

தொப்பூர்_மேடு | தருமபுரி

ஓ_நோஃபாலோ போட்டால் முடிந்தது. இதற்கு ஏன் ஒரு ஊர்வலம்?

---

நாலுரோடு | தருமபுரி

முடியாது. ஓ_நோஃபாலோ பாதையின் கடைசித் துண்டை மட்டும்தான் பார்க்கும். நடுவில் இருக்கும் டைரக்டரி சிம்லிங்க்காக இருந்தால் பேசாமல் அதன் வழியே போய்விடும். வியாபாரி, தேதி, சீட்டு என்று பாதை இருந்தால், தேதி ஃபோல்டரை சிம்லிங்க் ஆக்கினால் போதும்.

ஆனால் அதையே துண்டு துண்டாகச் செய்தால் சரியாக வரும், 4.19லேயே, கர்னலைத் தொடாமல். வியாபாரியின் ஃபோல்டரை ஒருமுறை திறந்து டிஸ்கிரிப்டரைக் (திறந்ததற்குக் கர்னல் தரும் எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேதி ஃபோல்டரை மட்டும் ஓப்பன்அட், ஓ_டைரக்டரியும் ஓ_நோஃபாலோவும் சேர்த்து. சிம்லிங்க் என்றால் ஈநாட்டிர் என்று நிற்கும். கிடைத்த டிஸ்கிரிப்டரிலிருந்து சீட்டை மட்டும் ஓப்பன்அட், ஓ_நோஃபாலோவோடு. இங்கே சிம்லிங்க் என்றால் ஈலூப். பெயரில் சாய்கோடோ இரட்டைப் புள்ளியோ இருந்தால் கூப்பிடுவதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள். சோதனையை எல்லாம் திறந்த பிறகு, டிஸ்கிரிப்டர் மேல் எஃப்ஸ்டாட் போட்டுச் செய்யுங்கள், பெயர் மேல் இல்லை. உங்கள் மண்டிக் கணக்கில் சொன்னால் கிரேட் மேல் வைத்த கையை எடுக்காமலே அறுத்துப் பார்ப்பது. கீழே யார் பெயரை மாற்றினாலும் கையில் இருப்பது மாறாது.

அந்தத் திற-படி-மூடு ஆசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரீட்ஃபைல் என்று இதே யோசனையை 2020ல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் பேட்ச்சாகவே அனுப்பினார். அவரே அனுப்பியும் உள்ளே போகவில்லை, அத்தனை லாபம் இருக்கிறதா என்ற கேள்வியிலேயே நின்றது. உங்கள் எடைமேடையில் ஒரு லாரி ஏறி இறங்கும் நேரத்தில் உங்கள் போர்டு லட்சக்கணக்கில் ஃபைல் திறக்கும். எதை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்?

---

எடைமேடை | கிருஷ்ணகிரி

ரீட்ஃபைல் ஆசையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி நாலுரோடு சொன்னபடி மாற்றி எழுதினேன். நூறு வரிகூட இல்லை. நண்பன் மறுபடி லூப்பை ஓட்டினான், ஷேடோ வரவில்லை. ரொம்ப சந்தோஷப்பட்டேன், அரை மணி நேரம். அப்புறம் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. எஸ்ட்ரேஸ் போட்டால் ஓப்பன்அட்டில் உட்கார்ந்திருக்கிறது. சீட்டு பெயரில் ஒரு ஃபிஃபோ (ஒருவர் எழுத மற்றவர் படிக்கும் குழாய்) போட்டிருக்கிறான் பாவி. எதிர்முனையில் யாராவது எழுதத் திறக்கும் வரை என் ஓப்பன் திரும்பாது. ஓ_நான்பிளாக் சேர்த்து, திறந்ததும் எஃப்ஸ்டாட்டில் சாதாரண ஃபைல்தானா என்று பார்க்க வைத்ததும் சரியானது.

அடுத்து ஹார்ட்லிங்க் என்று ஆரம்பித்தான். அது சிம்லிங்க்கே இல்லை, அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர், நோஃபாலோ ஒன்றும் செய்யாது.

---

ஓசூர்_கன்டெய்னர் | ஓசூர்

ப்ரொடெக்டெட்_ஹார்ட்லிங்க்ஸ் என்று ஒரு சிஸ்கன்ட்ரோல் (கர்னலில் மாற்றக்கூடிய அமைப்பு) 3.6லிருந்து இருக்கிறது. அதை 1 ஆக்குங்கள். தன்னுடையது அல்லாத, படிக்கவும் எழுதவும் உரிமை இல்லாத ஃபைலுக்கு யாரும் ஹார்ட்லிங்க் போட முடியாது. போர்டுக்காரர்கள் தரும் இமேஜில் அது பெரும்பாலும் 0 ஆகவே கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்தால் இன்னும் நல்லது, ஹார்ட்லிங்க் பார்ட்டிஷன் தாண்டாது.

---

எடைமேடை | கிருஷ்ணகிரி

0 தான். 1 ஆக்கிவிட்டேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு மண்டியில் முதலில் வைத்துப் பார்க்கிறேன். அந்த ஒரே யூசர் ஐடி விவகாரத்தை சீசன் முடிந்ததும் தனித்தனி ஐடியாக மாற்றுவேன், நாலுரோடு திட்டியது காதில் இருக்கிறது. ஓப்பன்அட்2 இருந்தால் அதைக் கூப்பிடு, ஈநோசிஸ் வந்தால் மட்டும் துண்டு துண்டாக நட என்றும் எழுதி வைத்திருக்கிறேன். புது போர்டில் அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

---

பாப்பாரப்பட்டி_பையன் | தருமபுரி

அண்ணா, இதையெல்லாம் படித்துவிட்டு எக்ஸ்வி6க்கும் பினீத் போட்டுப் பார்த்தேன். நேம்எக்ஸ் ஃபங்ஷனில் ஒரு கவுன்டர். பெயர் ஒன்று இறங்கினால் கூட்டு, இரட்டைப் புள்ளி வந்தால் கழி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் மைனஸ் ஒன்று. பத்து வரி, எல்லா டெஸ்ட்டும் பாஸ். லினக்ஸில் மட்டும் ஏன் ஈஅகெய்ன், மறுபடி முயற்சி செய் என்றெல்லாம் மேனுவலில் போட்டிருக்கிறது? கவுன்டர் வைத்தால் ஆகாதா?

---

ராயக்கோட்டை_பழசு | கிருஷ்ணகிரி

எக்ஸ்வி6ல் ரீநேம் இருக்கிறதா தம்பி?

இல்லை. ஒரு டைரக்டரி பிறந்த இடத்திலேயே இருக்கும், அதனால் உன் கவுன்டர் பொய் சொல்லாது. லினக்ஸில் நீ மூன்று படி இறங்கி நிற்கும்போது, நீ நிற்கிற டைரக்டரியையே ஒருவன் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். அப்புறம் உன் கவுன்டர் மூன்று என்கும், இரட்டைப் புள்ளியில் ஒரு படி ஏறினால் வேறு ஊர். அதனால் நடக்க ஆரம்பிக்கும்போது கர்னல் ரீநேமுக்கும் மவுன்ட்டுக்கும் உள்ள வரிசை எண்களைக் குறித்துக்கொள்கிறது. இரட்டைப் புள்ளியில் ஏறியதும் அந்த எண்கள் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால் யாரோ எங்கேயோ எதையோ நகர்த்தியிருக்கிறான், அது உன் பாதையா என்று தெரியாது, அதனால் ஈஅகெய்ன்.

---

பாப்பாரப்பட்டி_பையன் | தருமபுரி

ஓ! அப்படியானால் ரீநேமும் சேர்த்துவிட்டு, அந்த வரிசை எண்ணையும் எக்ஸ்வி6க்குக் கொண்டுவரட்டுமா அண்ணா? வியாழக்கிழமைதான் வைவா.

---

ராயக்கோட்டை_பழசு | கிருஷ்ணகிரி

வைவா முடியட்டும் தம்பி. அதுவரை அந்த ஃபைலைத் திறக்காதே.